ராடாருக்குப் பிறந்து சால்னாவுக்கு வாழ்க்கைப்பட்டவள்

உலகத்தில் எந்தப் பிளாஸ்டிக்கும் "நான் பெரியவளானதும் சோற்றுப் பாத்திரம் ஆவேன்" என்று கனவு கண்டு பிறந்ததில்லை. ஒருத்தி பில்லியர்ட்ஸ் பந்தாக வேண்டியவள். ஒருத்தி ராடார் கம்பிக்குச் சட்டையாகப் போனவள். இன்னொருத்தியை எதிர்பார்த்தவர்கள் பசையை எதிர்பார்த்தார்கள், வேறொருத்தியை எதிர்பார்த்தவர்கள் பெட்ரோலை. ஒருத்தியை மருந்தாக்கலாமா என்றுகூடப் பார்த்தார்கள். பேசி முடித்த இடம் ஒன்று, வாழ்க்கைப்பட்ட இடம் வேறு. அப்படிப்பட்ட அத்தனை பேரும் கடைசியில் வந்து குடியேறிய இடம், தூத்துக்குடி மில்லர்புரத்து அடுக்களை அலமாரி.

"இந்த டப்பா நல்லதா கெட்டதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் உண்டு: ஜாதகத்தைப் பாருங்கள். எந்த வேலைக்குப் பிறந்தவள், நாம் எந்த வேலையைத் தலையில் கட்டியிருக்கிறோம் என்பதிலேயே பாதி வில்லங்கம் தெரிந்துவிடும்.

மூத்தவள் செல்லுலாய்டு. 1860களில் அமெரிக்கப் பணக்காரர்கள் சாயங்காலம் பில்லியர்ட்ஸ் ஆடினால் ஆப்பிரிக்காவில் யானை செத்தது. பந்துகள் தந்தத்தில் செய்யப்பட்ட காலம். யானைகள் குறைய, பந்து வியாபாரிகள் கவலைப்பட்டார்கள். யானைக்காக இல்லை, பந்துக்காக. தந்தத்துக்கு மாற்று கண்டுபிடிப்பவருக்கு 10,000 டாலர் என்று அறிவித்தார்கள். ஜான் வெஸ்லி ஹயட் என்ற அச்சுத் தொழிலாளி, நைட்ரிக் அமிலம் கண்ட பருத்தியையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பிசைந்து 1869 வாக்கில் ஒரு பொருளைச் செய்தார். அந்தப் பருத்தி, வெடிமருந்துப் பருத்தியின் ஒன்றுவிட்ட தங்கை. அதனால் பந்துகள் பலமாக மோதிக்கொண்டால் சில நேரம் 'டொப்' என்று சத்தம் வரும். கொலராடோ மதுக்கடைக்காரர் ஒருவர் ஹயட்டுக்குக் கடிதம் எழுதினாராம்: எனக்கு ஒன்றும் இல்லை ஐயா, ஆனால் சத்தம் கேட்டதும் கடையில் இருக்கிற அத்தனை பேரும் துப்பாக்கியை உருவிவிடுகிறார்கள். வீட்டுப் பிளாஸ்டிக்கின் பாதுகாப்பு பற்றி உலகத்தில் வந்த முதல் புகார்களில் இதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே செல்லுலாய்டில் பொய்ப்பல்லும் செய்தார்கள். வாயெல்லாம் கற்பூரச் சுவை. மாட்டியவர் வாயைத் திறந்தால் கோயில் நடை திறந்த வாசனை வந்திருக்கும்.

தூத்துக்குடிக்கு யானை பிரச்சினை கிடையாது. எங்களுக்கு முத்து. கொற்கை காலத்தில் இருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிய கதை 1961-ஆம் ஆண்டு முத்துக்குளிப்போடு நின்றுபோனது. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் இதே கரையில் சிப்பிக்குள் கருவை வைத்து வளர்ப்பு முத்து எடுத்துக் காட்டினார்கள். ஆனால் திருச்செந்தூர் போய்ச் சாமி கும்பிட்டுத் திரும்புகிறவர் கழுத்தில் தொங்கும் முத்துமாலைக்கு இந்த இரண்டு ஆண்டுகளோடும் சம்பந்தம் இல்லை. அது சுத்தமான பிளாஸ்டிக். அதைக் குறைவாகச் சொல்ல மனம் வரவில்லை. அசல் முத்து என்பது சுண்ணாம்பு வகை. வினிகரில் போட்டு வைத்தால் கரைந்துபோகும். பிளாஸ்டிக் முத்தை வினிகரில் போடுங்கள், புளித்தண்ணீரில் போடுங்கள், மாமியார் வைத்த வத்தக்குழம்பில் போடுங்கள். எடுத்துத் துடைத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம்.

இந்தப் புளிக்கு அசராத குணம்தான் பிளாஸ்டிக்கை வீட்டுக்குள் விட்டது. அதற்கு முன்பு நாம் ஆரோக்கியமாக வாழ்ந்தோம் என்று ஒரு கட்சி சொல்கிறது. பித்தளையில் சமைத்த எங்கள் ஆச்சி 95 வயது இருந்தாள் என்பார்கள். 40 வயதில் போன ஆச்சிகள் பேட்டி கொடுக்க வருவதில்லை என்பதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பை ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். சாப்பிட்டவருக்கு வயிறு கழன்றுவிடும். அதனால்தான் தெருவில் ஈயம் பூசுகிறவர் வந்தார். துருத்தி ஊதி, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தை உருக்கி ஒரு துணியால் சுழற்றித் தேய்ப்பார். பாத்திரம் கண்ணாடியாக மின்னும். அவர் கொண்டுவந்தது வெள்ளீயமா, அதில் விலை குறைந்த காரீயத்தையும் கொஞ்சம் தாராளமாகக் கலந்தாரா என்று கேட்க யாரிடமும் கருவி இல்லை. ஆக, பயம் புதிதல்ல, பாத்திரம்தான் மாறியது.

பனை ஓலை ஒன்றுதான் எந்த வில்லங்கமும் இல்லாத பாத்திரம். பதநீர் குடிக்கப் பட்டை, கருப்பட்டிக்கு ஓலைப்பெட்டி. மணப்பாட்டுப் பெண்கள் முடையும் பெட்டிகளைக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஓலைப்பெட்டியில் சால்னா நிற்காது. தூத்துக்குடியில் சால்னா நிற்காத பாத்திரத்துக்கு எதிர்காலம் இல்லை.

சால்னாவுக்கு என்றே கடவுள் அனுப்பியவள் பாலிதீன் என்று எங்கள் ஊர் இருபது முப்பது வருஷம் நம்பியது. அவள் பிறந்த கதை வேறு. 1933 மார்ச், இங்கிலாந்தில் வின்னிங்டன். ஐ.சி.ஐ. கம்பெனியில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்று இரண்டு பேர், எத்திலீன் வாயுவையும் பென்சால்டிஹைடையும் ஒரு கலத்தில் அடைத்து, 170 டிகிரி சூட்டில், கிட்டத்தட்ட 2,000 மடங்கு காற்றழுத்தம் கொடுத்து, வாரக்கடைசிக்கு வீட்டுக்குப் போய்விட்டார்கள். திங்கட்கிழமை திறந்து பார்த்தால் எதிர்பார்த்தது எதுவும் இல்லை. சுவரில் வெள்ளையாக மெழுகு மாதிரி ஏதோ அப்பியிருந்தது. மறுபடி செய்து பார்த்தால் கலம் வெடித்தது. சோதனையை நிறுத்திவைத்தார்கள். 1935-இல் மைக்கேல் பெரின் திரும்பச் செய்தபோதுதான் ரகசியம் பிடிபட்டது: கலத்தில் ஒழுக்கு இருந்திருக்கிறது, அதை ஈடுகட்ட மேலும் விட்ட எத்திலீனோடு கொஞ்சம் ஆக்சிஜன் உள்ளே போயிருக்கிறது, காரியத்தை நடத்தி வைத்ததே அதுதான். ஒழுகும் பாத்திரத்தில் பிறந்த ஒருத்தி, ஒழுகாத பை என்று பேர் வாங்கியதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

பிறகு யுத்தம் வந்தது. விமானத்துக்குள் வைக்கும் அளவுக்கு ராடாரைச் சிறிதாக்க, அதன் கம்பிகளுக்கு இலேசான, மின்சாரத்தை விடாத ஓர் உறை வேண்டியிருந்தது. பாலிதீன் போனாள், யுத்தத்தில் நல்ல பேர் எடுத்தாள். யுத்தம் முடிந்ததும் வேலை போயிற்று. பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்கள் செக்யூரிட்டி வேலைக்குப் போவார்கள்; பாலிதீன் பையாகப் போனாள். அட்லாண்டிக் மேல் பறந்து நீர்மூழ்கிக் கப்பலைத் தேடியவள், புரோட்டாக் கடை வாசலில் கம்பியில் கொத்தாகத் தொங்கினாள். பையன் ஒருத்தியை உருவி, வாயால் ஊதித் திறந்து, கொதிக்கும் சால்னாவை ஒரு கரண்டி ஊற்றி, சுழற்றி, நூலால் கட்டி, "அண்ணாச்சி, பார்சல்!" என்று நீட்டுவான். வின்னிங்டனில் இதை யாரும் சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், பாலிதீன் தனியாக இருந்தால் பரமசாது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட நீளச் சங்கிலி; எதோடும் எளிதில் சேராது, எதையும் எளிதில் விடாது. சேர்க்கைதான் கெடுத்தது. நிறம், அச்சு மை, வெயிலுக்கு வெடிக்காமல் இருக்க ஒன்று, ஒட்டாமல் இருக்க ஒன்று. இவையெல்லாம் சங்கிலியோடு பிணைக்கப்பட்டவை அல்ல, இடுக்கில் ஒதுங்கி நிற்பவை. சூடு பட்டால் கிளம்பும். எண்ணெயைக் கண்டால் கூடவே ஓடும். சால்னாவில் இரண்டும் உண்டு. இதற்குமேல் அந்தப் பை எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வி. உருக்கிய பழைய பிளாஸ்டிக்கில் செய்த பையில் உணவு வைக்கக் கூடாது என்று இந்திய அரசு 1999-இலேயே விதி போட்டது. அந்த விதிப்படி புது பிளாஸ்டிக் பை வெள்ளையாகவோ இயல்பு நிறத்திலோ இருக்க வேண்டியிருந்தது. நிறமேற்றுவது மறுசுழற்சிப் பைக்கு. பழைய குப்பையில் எத்தனை நிறம் கலந்திருந்தாலும் அத்தனையையும் மறைக்கக் கறுப்பால் முடியும். ஆகையால் அன்றைய விதிப்படி கறுப்புப் பையில் சாப்பாட்டுப் பொருள் போகக் கூடாது. நம் ஊரில் கறுப்புப் பை இரண்டு கடைகளில்தான் விசேஷமாகப் புழங்கியது: ஒன்று கறிக்கடை, இன்னொன்று டாஸ்மாக். கையில் கறுப்புப் பையோடு ஞாயிற்றுக்கிழமை நடந்தால் எதிரே வருகிறவர் எதை நினைத்துச் சிரிக்கிறார் என்று கண்டுபிடிப்பது சிரமம்.

இனி பிளாஸ்டிக் வீட்டுக்குள் நுழைந்த விதம். இதைச் சரித்திரப் புத்தகங்கள் எழுதாமல் விட்டது எனக்கு ஆறாத வருத்தம். முத்துக்காகப் போர்த்துகீசியர் வந்தார்கள். 1658-இல் அவர்களை விரட்டிவிட்டு டச்சுக்காரர் வந்தார்கள். பிறகு ஆங்கிலேயர். எல்லாரும் பீரங்கி, கோட்டை, ஒப்பந்தம் என்று படாதபாடு பட்டார்கள். அவர்கள் யாராலும் எங்கள் பெண்களின் பீரோவைத் திறக்க முடியவில்லை. அதற்கப்புறம் சைக்கிளில் ஓர் ஆள் வந்தார். கேரியரில் சிவப்பு, பச்சை, நீலம் என்று வாளிகள், குடங்கள், பேசின்கள். "பழைய பட்டுச்சேலைக்கு வாளி! பித்தளைக்குக் குடம்!" பீரோக்கள் தாமாகத் திறந்தன. கல்யாணப்பட்டு போனது. அதன் சரிகையை எரித்து வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள் என்று தெரிந்த வீட்டிலும் போனது. தாத்தா காலத்துப் பித்தளை அண்டா, உருளி, செம்பு எல்லாம் போயின. அண்டா ஒன்று, அதைத் தூக்க இரண்டு பேர். அதற்கு ஈடாக வந்த பேசினைச் சின்னப் பிள்ளை விரலில் சுற்றிக்கொண்டு ஓடியது. ஒரு துப்பாக்கிக்குண்டு செலவில்லாமல் இந்தக் கடற்கரையில் நடந்த மிகப்பெரிய கொள்ளை அதுதான். கொள்ளை கொடுத்தவர்கள் மேலும் ஒரு மூடி கேட்டுப் பேரம் பேசினார்கள், அவரும் கொடுத்தார்.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வல்லநாட்டில் இருந்து தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வந்து, அதுவும் முறை வைத்து வரும் ஊரில், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் சுமந்தவளுக்குப் பித்தளையின் பாரம் பாரம்பரியம் அல்ல, இடுப்பு வலி. பிளாஸ்டிக் குடம் வந்த அன்று ஒரு பெண்கள் விடுதலை நடந்திருக்கிறது. அதற்கு யாரும் சிலை வைக்கவில்லை.

அந்தக் குடத்தின் ஜாதகமும் வேடிக்கையானது. 1951-இல் அமெரிக்காவின் பார்ட்டில்ஸ்வில் என்ற ஊரில் ஹோகன், பேங்க்ஸ் என்று இரண்டு பேர் பெட்ரோலுக்கு ஏதாவது தேறுமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழாய் வெள்ளையாக அடைத்துக்கொண்டது. அந்த அடைப்புதான் பாலிப்ரொப்பிலீன். அதே கையோடு அடர்த்தியான பாலிதீனும் வந்தது. கம்பெனி டன் கணக்கில் செய்து குவித்தது. முதலில் வந்த சரக்கு சொன்ன தரத்துக்கு வராமல் கிடங்கில் தேங்கியது. 1958-இல் ஹூலா ஹூப் என்ற இடுப்பு வளையப் பைத்தியம் அமெரிக்கா முழுக்கப் பிடிக்க, தேங்கிய சரக்கு வளையமாக ஓடித் தீர்ந்தது. அங்கே இடுப்பில் வளையமாகச் சுற்றியவள் இங்கே இடுப்பில் குடமாக உட்கார்ந்தாள். இடுப்பு ராசி என்று ஒன்று இருக்கிறது.

அடுக்களையில் யாரையாவது நம்ப வேண்டும் என்றால் இந்த இரண்டு பேரைத்தான் நான் நம்புவேன். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி வரை உருகாது. சூடான சோறு அதற்கு ஒரு பொருட்டில்லை. அடர்த்தியான பாலிதீன் குடத்தில் தண்ணீர் வைத்தால் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும். ஆனால் நாம் விடுவோமா? துறைமுக ஊர் என்பதால் ரசாயனம் வந்திறங்கிய நீல டிரம்கள் செகண்ட் ஹாண்டில் கிடைக்கும். "உள்ளே என்ன இருந்தது?" என்று கேட்டால், "நல்லா கழுவியாச்சு" என்று பதில் வரும். கேட்ட கேள்வி வேறு, சொன்ன பதில் வேறு என்பது வாங்கியவர் வீடு சேர்ந்த பிறகுதான் உறைக்கும். இந்த வகைப் பிளாஸ்டிக் முன்பு குடியிருந்த கரைப்பானைக் கொஞ்சம் உடம்புக்குள்ளேயே வாங்கி வைத்துக்கொள்ளும். சோப்புப் போட்டுக் கழுவினால் போகாது, பிறகு மெதுவாகத் தண்ணீரில் விடும். டிரம் புதிது என்றால் தண்ணீருக்கு, பழையது என்றால் தோட்டத்து மண்ணுக்கு. ஸ்பிக் யூரியா சாக்கைக் கழுவி அரிசி கட்டி வைப்பதும் இதே வகையறா. அந்தச் சாக்கு ஒன்றும் செய்யாது. மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் யூரியாவுக்குத்தான் அரிசி எது, வயல் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

மொட்டை மாடியில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் சின்டெக்ஸ் தொட்டி குஜராத்தின் கலோலில் 1975-இல் பிறந்தது. துணி ஆலைக்காரர்கள் செய்தது. பேரில் பாதி டெக்ஸ்டைல். கறுப்பு அழகுக்கு அல்ல. கரித்தூள் சேர்த்தால் வெயிலின் புறஊதாக் கதிர் பிளாஸ்டிக்கை வெடிக்க வைக்காது, வெளிச்சம் உள்ளே போகாததால் பாசியும் பிடிக்காது. எங்கள் ஊர் வெயிலில் நின்று தாக்குப்பிடிக்கும் ஒரே கறுப்பு, முறைப்படி சேர்த்த கறுப்பு. பேன்சிக் கடையில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பேசினை மாடியில் இரண்டு கோடை வைத்துப் பாருங்கள், மாவாக உதிரும்.

அடுத்தவள் பி.வி.சி. இவள் எங்கள் மாவட்டத்துப் பெண். எடையில் 57 விழுக்காடு குளோரின். குளோரின் உப்பில் இருந்து வருவது. சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ. ஆலை உப்பில் இருந்து காஸ்டிக் சோடாவும் எடுக்கிறது, பி.வி.சி. பொடியும் செய்கிறது. ஆனால் இவளுக்குக் குணம் வந்தது அமெரிக்காவில். 1926-இல் குட்ரிச் கம்பெனியில் வால்டோ செமன் என்பவர் ரப்பரை இரும்போடு ஒட்டப் பசை தேடினார். பி.வி.சி.யை ஒரு திரவத்தில் கொதிக்க வைக்க, ஒட்டுவதற்குப் பதில் அது நெகிழ்ந்துபோய் நின்றது. இதை என்ன செய்ய? துணியில் பூசி, மேலதிகாரி மேசையில் இருந்த கோப்புகள் மேல் விரித்து, ஒரு கூஜா தண்ணீரைக் கவிழ்த்தாராம். கோப்புகள் நனையவில்லை, வேலையும் போகவில்லை. செமன் 100 வயது வரை வாழ்ந்தார். மேலதிகாரியின் கோப்பில் தண்ணீர் ஊற்றும் தைரியம் உள்ளவர்களுக்கு ஆயுள் கெட்டி.

அந்த நெகிழ்வுக்குப் பின்னால்தான் சங்கதி. பி.வி.சி. தானாக மிருது இல்லை. தாலேட் வகை எண்ணெயை ஊட்டித்தான் மிருதுவாக்குகிறார்கள், சில பொருளில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை. அந்த எண்ணெய் சங்கிலியில் கட்டுப்படாமல் சும்மா குடியிருப்பது. சாப்பாட்டு மேசைக்குப் பூப்போட்ட ஷீட் வாங்கி விரித்ததும் "புது வாசனை, நல்லாருக்கு" என்று மூச்சை இழுத்து அனுபவிக்கிறோமே, உள்ளே இருக்க வேண்டியது வெளியே வந்துகொண்டிருப்பதன் அறிவிப்பு அது. மேசைக்கு ஷீட்டாக இருக்கட்டும். அதன்மேல் சூடான வடையை நேரடியாக அடுக்காதீர்கள். குழாயாக இருக்கும் பி.வி.சி.யில் இந்த எண்ணெய் இல்லை, அதற்கு வேறு கதை. சூட்டில் சிதையாமல் இருக்க ஈயச் சேர்மம் போட்டார்கள். இந்தியாவில் அதை விலக்கும் விதிகள் 2021-இல்தான் வந்தன. தெருவில் ஈயம் பூச வந்தவரை அனுப்பிவிட்டுக் குழாய்க்குள் ஈயத்தைக் குடிவைத்த கெட்டிக்காரத்தனம் நம்முடையது.

இவளால் அதிகம் அடிபட்டவர்கள் வீட்டுக்காரர்கள் அல்ல. பி.வி.சி. ஆவதற்கு முந்தைய வினைல் குளோரைடு வாயுவோடு வேலை செய்தவர்கள். 1974 ஜனவரியில், அதே குட்ரிச்சின் லூயிவில் ஆலைத் தொழிலாளர்களிடம் கல்லீரலில் அபூர்வமான ஒரு புற்றுநோய் வந்தது தெரியவந்தது. அதுவரை காற்றில் பத்து லட்சத்துக்கு 500 பங்கு வரை பரவாயில்லை என்றிருந்த அமெரிக்க வரம்பை முதலில் 50-க்கும், பிறகு 1 பங்குக்கும் இறக்கினார்கள். வயர் கூடை பின்னி, கைப்பிடி நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்த நமக்கு இது எதுவும் தெரியாது.

இனி, மருந்தாகப் பார்த்த பெண். பிஸ்பினால் ஏ, சுருக்கமாக பி.பி.ஏ. 1891-இல் ரஷ்யர் ஒருவர் செய்தார். 1930களில் லண்டன் மருத்துவர் சார்லஸ் டாட்ஸ், பெண்களின் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு மாற்றாகுமா என்று சோதித்தார். வேலை செய்தது, ஆனால் கொஞ்சம் சுமார். 1938-இல் அவருக்கு அதைவிட வீரியமான இன்னொன்று கிடைத்ததும் பி.பி.ஏ.யைக் கைவிட்டார். ஹார்மோன் வேலைக்கான பரீட்சையில் பார்டரில் பாஸ் ஆனவள் என்று சான்றிதழே இருக்கிறது. பத்துப் பதினைந்து வருஷத்தில் ரசாயனக் கம்பெனிகள் அவளை எடுத்துக் கண்ணாடியாக மின்னும், கீழே போட்டால் உடையாத பாலிகார்பனேட்டைச் செய்தன. அதில் எதைச் செய்தார்கள்? பால்புட்டியை. உலகத்தில் அத்தனை பொருள் இருக்க, ஹார்மோன் சான்றிதழ் வைத்திருந்தவளைத் தேடிப்பிடித்துக் கைக்குழந்தை வாயில் வைத்தார்கள். கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் காய்ச்சவும் சொன்னார்கள்.

குட்டு உடைந்தது எலியால். 1998-இல் அமெரிக்காவில் பாட்ரிசியா ஹன்ட் என்ற விஞ்ஞானியின் சோதனைக்கூடத்தில் பெண் எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் குளறுபடி ஏறியது. துப்புத் துலக்கினால், எலிக்கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் யாரோ தரை கழுவும் காரமான திரவத்தால் கழுவியிருக்கிறார்கள். பாலிகார்பனேட் அரிபட்டு பி.பி.ஏ. கசிந்திருக்கிறது. கனடா 2008-இல் பால்புட்டியில் வேண்டாம் என்றது, ஐரோப்பா 2011-இல், அமெரிக்கா 2012-இல், நம் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2015-இல். 2023-இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஒருவர் ஒரு நாளில் தாங்கக்கூடிய அளவை முன்பு சொன்னதைவிட 20,000 மடங்கு குறைத்தது. மாப்பிள்ளை வீட்டார் நகையைக் குறைத்துக்கொள்ளும்போதுகூட இப்படித் தாராளமாகக் குறைத்ததில்லை. கடைக்காரர்களும் 'பி.பி.ஏ. இல்லை' என்று ஒட்டி விற்றார்கள். பல இடங்களில் அவளுக்குப் பதில் உள்ளே வந்தவள் பி.பி.எஸ்., அவளுடைய சித்தப்பா மகள். முகஜாடை மட்டுமா ஒன்று, குணமும் அதே பக்கம்தான் சாய்கிறது.

20 லிட்டர் தண்ணீர் கேன்களில் பாலிகார்பனேட் உண்டு. அவை சுத்தமாக வேண்டும் என்று ஆசைப்பட்டு, கொதிக்கும் தண்ணீரும் காரத்தூளும் போட்டுப் பிரஷ்ஷால் தேய்ப்பவர்கள் அந்த எலிக்கூண்டை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். கேன் மங்கி, கீறி, பால்நிறம் ஏறியிருந்தால் மாற்றச் சொல்லுங்கள். வெயிலில் மினி லாரி மேல் நாள் முழுக்கக் காய்ந்ததையும் ஏற்காதீர்கள்.

டப்பாவைத் திருப்பினால் அடியில் முக்கோணமும் எண்ணும் இருக்கும். 1988-இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறைச் சங்கம் கொண்டுவந்தது. அது பாதுகாப்புச் சான்று என்று பாதிப் பேரும், திரும்ப உருக்கிவிடுவார்கள் என்று மீதிப் பேரும் நம்புகிறார்கள். இரண்டும் இல்லை. எது என்ன சாதிப் பிளாஸ்டிக் என்று பழைய சாமான் பிரிப்பவருக்குச் சொல்லும் குறிப்பு, அவ்வளவே. துரத்திக்கொண்டு ஓடும் அம்புகள் மக்களைக் குழப்புகின்றன என்று 2013-இல் அம்பை எடுத்துவிட்டு வெறும் முக்கோணம் போடச் சொன்னார்கள். 2-ம் 5-ம் நான் மேலே நம்புவேன் என்று சொன்ன இரண்டு பேர். 3 பி.வி.சி. 6 பாலிஸ்டைரீன், தெர்மாகோல் கப்பின் சொந்தக்காரி. சூடான காபி அவளுக்கு ஆகாது. 7 என்பது 'மற்றவர்கள்'. பாலிகார்பனேட் அந்தக் கூட்டத்தில் நிற்கிறது. ரேஷன் கார்டில் பேர் விட்டுப்போனவர்களை எழுதும் பத்தி அது.

1 என்பது பெட், அதாவது தண்ணீர் பாட்டில். பி.பி.ஏ.யும் கிடையாது, தாலேட்டும் வேண்டியதில்லை; இவளைப் பற்றிப் பரவிய வதந்தியில் முக்கால்வாசி மற்றவர்களின் பாவம். இவளுடைய பலவீனம் வேறு. 70 டிகிரி தாண்டினால் உடம்பு தளர்ந்துவிடும். சுக்குத் தண்ணீர் சூடாக ஊற்றிப் பாருங்கள், பாட்டில் குனிந்து கும்பிடு போடும். செய்யும்போது பயன்படுத்திய ஆன்டிமனி கொஞ்சம் உள்ளே தங்கியிருக்கும், சூட்டில் அது அதிகமாகக் கசியும். ஒருமுறை குடித்துவிட்டு எறிய என்று செய்தவளை நாம் எறிவதில்லை. பஸ்ஸுக்குத் தண்ணீர், பிறகு செக்கு நல்லெண்ணெய், பிறகு மண்ணெண்ணெய், பிறகு பினாயில் என்று ஏழு ஜென்மம் எடுக்க வைக்கிறோம். பினாயில் ஜென்மத்தில் இருப்பவளைத் தண்ணீர் என்று எடுத்துக் குடித்தவர்கள் எந்த வார்டிலும் உண்டு. வீட்டுப் பிளாஸ்டிக்கின் உடனடி ஆபத்து பெரும்பாலும் மூலக்கூறில் இல்லை, லேபிள் ஒட்டாத சோம்பலில் இருக்கிறது.

2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பதினான்கு வகை ஒருமுறைப் பிளாஸ்டிக்கிற்குத் தடை. கேரி பேக், வாட்டர் பாக்கெட், உறிஞ்சுகுழல், எல்லாம் போயின என்று அறிவித்தார்கள். முதல் வாரம் சால்னா வாங்கத் தூக்குவாளியோடு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். கல்யாண வீட்டுப் பந்தி பரிமாறும் வாளிகூட வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பைக்கு மறுபிறவி கொடுத்தார்கள். கூடவே பேப்பர் கப் புனிதர் வேஷம் கட்டி வந்தார். காகிதத்தில் டீ ஊற்றினால் ஊறிவிடும் என்பதால் உள்ளே மெல்லிய பாலிதீன் பூச்சு. தமிழ்நாட்டுத் தடைப் பட்டியலில் அந்தக் கப்பும் உண்டு. 2020-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யினர் சூடான திரவத்தை அதில் 15 நிமிடம் வைத்தபோது, 100 மில்லியில் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் வந்தன. ராடார்க்காரியேதான், காகிதச் சேலை உடுத்தி வந்திருக்கிறாள்.

துகள் என்றதும் எங்கள் ஊருக்குச் சொந்தமான ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2020-இல் நம்மூர் உப்பையே எடுத்துப் பார்த்தார்கள். கடல்நீர் உப்பிலும் இருந்தது, நிலத்தடி நீரில் விளைந்த உப்பிலும் இருந்தது. கடல் உப்பில் அதிகம். உப்பு இல்லாமல் பி.வி.சி. இல்லை என்று பெருமைப்பட்ட ஊரில், பிளாஸ்டிக் மறுவீடு வந்து உப்புக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. இது உடம்பை எவ்வளவு கெடுக்கும் என்று அறிவியல் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை; குடிநீர்த் துகள்களைப் பற்றி 2019-இல் உலக சுகாதார நிறுவனமும் ஆதாரம் போதவில்லை, மேலும் ஆராயுங்கள் என்றுதான் சொன்னது.

அந்த உப்பு ஆராய்ச்சியைப் பற்றிப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி கடைக்குப் போய், "அண்ணாச்சி, இது கடல் உப்பா, போர்த்தண்ணி உப்பா?" என்று கேட்டாள்.

"உப்புக்கெல்லாமா ஜாதகம் பாப்பிய, மதினி? ஒரு பாக்கெட் போடவா, ரெண்டா?"

"ரெண்டு போடுங்க. பை கொண்டு வரல, ஒரு கவர் தாங்க."

"கவர் கிடையாது, தடை," என்றவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, மேசைக்கு அடியில் கையை விட்டார்.